அவசரம் லேது

1

கோவில்பட்டியிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் பிரியாணியைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்தது, "பாஷை பழகிருச்சா?" என்ற கேள்வி. நானும் யோசிக்காமல், "அதெல்லாம் ஆச்சு. தெலுங்கு என்ன, பாதி நம்ம தமிழ்தான" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரத்திலிருந்து அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று எழுதிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தெளிந்தால் சரி.

நான் ஹைதராபாத்தில், குகட்பள்ளியில், ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை பாடம் நடந்துகொண்டிருந்தபோது பிரின்சிபால் மேடம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால், அவர் மேசைக்கு முன்னால் யாதம்மா நின்றுகொண்டிருந்தார். என் வகுப்பில் படிக்கும் பிரசன்னாவின் அம்மா. பக்கத்துத் தெருவில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சப்பாத்தி போடுகிறார். தனி மனுஷி. மகளுக்கு டி.சி. வாங்க வந்திருந்தார். மகபூப்நகர் பக்கம் ஊரில் இருக்கும் தம்பி வீட்டில் விட்டு, அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம்.

வருஷத்தின் நடுவில் எதற்கு டி.சி. என்று மேடம் கேட்டதற்கு அவர் என்னைக் கை காட்டினார். மேடம் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். பிரசன்னாவுக்கு ஆங்கிலம் தேவையே இல்லை என்று நீங்கள் சொன்னீர்களாமே, அதுவும் இரண்டு தடவை?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அப்படிச் சொல்வேனா? என் பிழைப்பே அதுதானே. சொல்லவில்லை என்று மறுத்தேன். யாதம்மா தலையைக் குனிந்துகொண்டு, சொன்னார் என்றார். மறுபடி மறுத்தேன். அவர் மறுபடி, சொன்னார் என்றார். குரல் உயரவில்லை. பொய் சொல்கிற முகம் மாதிரியும் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

ஆபீஸ் கிளார்க் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். திங்கட்கிழமை ஆன்லைனில் பெயரை எடுத்துவிடுவாராம். எடுத்தபிறகு திரும்பச் சேர்ப்பது அவர் கையில் இல்லை, மேலே எழுத வேண்டும், அவர்கள் அதற்கும் மேலே எழுதுவார்கள். பிறகு ஆதாரில் இருக்கும் பெயரின் எழுத்தும் இவரிடம் இருக்கும் எழுத்தும் ஒத்துப்போகாது. ஆக, எனக்கு இருந்தது சனியும் ஞாயிறும்.

2

நாங்கள் இங்கே வந்தது என் மனைவி செல்வியின் வேலைக்காக. அவளுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்தது. எனக்கு ஹைதராபாத் கிடைத்தது. ஹவுசிங் போர்டு காலனியில் வீடு பிடித்தோம். முதல் வருஷம் நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். ஊரில் ஆசிரியராக இருந்தவன், இங்கே காலையில் சமைத்து, மகள் யாழினியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் இறக்கிக்கொள்கிறவனாக ஆனேன். அடுத்த வருஷம் அவள் படிக்கும் பள்ளியிலேயே எனக்கும் இடம் கிடைத்தது. இப்போது இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போகிறோம்.

அந்த முதல் வருஷத்தில்தான் தெலுங்கு கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன். புத்தகம் எதுவும் இல்லை. காய்கறிக்காரர், வாட்ச்மேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், இவர்கள்தான் வாத்தியார்கள். என் முறை எளிமையானது. தமிழ்ச் சொல்லை எடுத்து, கடைசியில் ஒரு 'லு'வோ 'டு'வோ சேர்த்து, முகத்தைக் கொஞ்சம் நம்பிக்கையாக வைத்துக்கொள்வது. பத்துக்கு ஏழு தடவை பலித்தது. பலிக்காத மூன்று தடவை எதிராளி சிரித்துவிட்டு ஹிந்திக்குப் போய்விடுவார்.

யாழினிக்கு இந்தப் பாடே இல்லை. இந்த மாநிலத்தில் பள்ளியில் தெலுங்கு கட்டாயம். வந்த சில மாதங்களில் அவள் தெலுங்கில் சண்டை போட ஆரம்பித்தாள். 'அப்பா' எப்போது 'டாடி' ஆனேன் என்று எனக்குத் தெரியாது. நான் தமிழில் கேட்பேன்; அவள் தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பதில் சொல்வாள். வேண்டாம் என்பதற்கு "நக்கோ டாடி" என்பாள். பள்ளிப் பதிவில் தாய்மொழி என்ற இடத்தில் இவளுக்கும் தெலுங்கு என்று யாரோ அடித்துவைத்திருந்தார்கள். அதைத் தமிழ் என்று மாற்ற நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஆபீஸில் ஒருவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார், "குழந்தை தெலுங்குதானே சார் பேசுது?" நான் அவரிடம் கோபப்பட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் கேட்டதில் என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

3

போன மாதம் நான் எடுத்த பாடம், இரண்டு பகுதிகளைப் படித்து ஒப்பிடுவது. எதில் ஒத்துப்போகின்றன, எதில் வேறுபடுகின்றன என்று சொல்ல வேண்டும். கேட்க எளிது. ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எடுத்துப் பாருங்கள்.

இரண்டு பகுதிகளும் தவளையைப் பற்றியவை. முதலாவது ஒரு கதை. தண்ணீர் லாரிக்குள் மாட்டிக்கொண்ட தவளை ஒன்று ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டின் தொட்டியில் வந்து விழுந்து, தன் ஏரிக்குத் திரும்ப வழி தேடுகிறது. இரண்டாவது வெறும் தகவல். தவளையின் தோல் ஈரமாக இருக்கும், பூச்சி தின்னும், முட்டையிடும். படிக்கக் கொடுத்துவிட்டு, இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது என்ன என்று கேட்டேன்.

"சேம் டு சேம் சார்" என்றது வகுப்பு. இந்த ஊரில் அச்சு அசலாக ஒன்றே என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். எது சேம் என்று கேட்டேன். இரண்டிலும் தலைப்பு இருக்கிறது. இரண்டிலும் முற்றுப்புள்ளி இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. ஒரு பிள்ளை, இரண்டையும் நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்றது. ஒன்றையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

சரி, படமாகப் போட்டால் புரியும் என்று பலகையில் இரண்டு வட்டங்களை ஒன்றோடொன்று கொஞ்சம் ஏறியிருப்பதுபோல வரைந்தேன். பொதுவானது நடுவில், தனியானது அந்தந்தப் பக்கத்தில். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "கள்ளஜோடு சார்" என்றது. வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. நாலாம் வகுப்பில் பேசுகிற பேச்சா இது என்று அந்தப் பையனை எழுப்பி நிறுத்தினேன். வகுப்பு லீடர் பெண் பாவப்பட்டு எழுந்து தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். கள்ளஜோடு என்றால் மூக்குக்கண்ணாடியாம். பலகையைத் திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியேதான். பையனை உட்காரச் சொன்னேன்.

பிரசன்னா அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து தடுக்குகிற பெண். பதில் சொல்ல அவள் கை தூக்கியது அன்றுதான். எழுந்து, "ரெண்டோ தாண்ட்ல கப்பனி எவ்வரு ஏம் அடகலே சார்" என்றாள்.

என் முறைப்படி நான் அதைத் தமிழாக்கினேன். கப்பலை யாரும் அடகு வைக்கவில்லை. தவளைக் கதையில் கப்பல் எங்கே வந்தது, அதை யார் அடகு வைப்பது என்று திகைத்து நின்றேன். மறுபடி லீடர்தான் காப்பாற்றினாள். கப்ப என்றால் தவளை. அடகலே என்றால் கேட்கவில்லை. பிரசன்னா சொன்னது இதுதான்: இரண்டாவதில் தவளையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கதையில் தவளைக்கு என்ன வேண்டும் என்று கதை கேட்கிறது. தகவலில் தவளையைப் பற்றி எல்லாம் இருக்கிறது, தவளையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் பலகையில் எழுத நினைத்த எந்த விடையும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அதை அப்படியே பலகையில் எழுதி, அவள் பெயரையும் கீழே எழுதினேன். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு குழப்பமும். இவளுக்கு ஒப்பிடத் தெரிகிறது, ஆங்கிலம் தெரியவில்லை. பரீட்சையில் நான் இவளுக்கு எதற்கு மதிப்பெண் போட வேண்டும்?

4

அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் யாதம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் மாவு காய்ந்திருந்தது. வேலைக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறார். தெலுங்கில் வேகமாகப் பேசினார். ஹாஸ்டல் பெண்களைப் பற்றி ஏதோ சொன்னார். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், தான் நின்று போடுகிறவள், தன் மகள் உட்கார வேண்டும் என்கிற அளவுக்குப் புரிந்தது. கடைசியில் சொன்னது முழுசாகவே புரிந்தது.

"மா ப்ரஸன்னகி இங்கிலீஷ் சால அவசரம் சார்."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? 'சால' என்றால் மிக, அது பழைய தமிழிலேயே உண்டு. அவசரமோ சுத்தமாக நம் சொல். பாவம், இந்த அம்மாவுக்கு ரொம்ப அவசரம், பிள்ளை நாளைக்கே ஆங்கிலம் பேசிவிட வேண்டும் என்று பறக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லாப் பெற்றோருக்கும் அந்த அவசரம் உண்டு. அப்படி நெருக்கினால் பிள்ளை வாயையே திறக்காது. அதனால் அவரைச் சமாதானப்படுத்த, அவசரம் இல்லை என்பதை எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல தெலுங்கில் எடுத்துவிட்டேன்.

"அவசரம் லேது அம்மா. மெல்லகா, மெல்லகா."

அவர் முகம் மாறியது. "அவசரம் லேதா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொன்னதும் அவருக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லவே இல்லை என்பதற்கு அப்போதுதான் புதிதாக ஒரு சொல் கற்றிருந்தேன். அதையும் போட்டு அழுத்திச் சொன்னேன், "அஸ்ஸலு லேது." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு தாயின் கவலையை இரண்டு வரியில் தீர்த்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை. வீட்டுக்கு வந்து செல்வியிடம்கூட அளந்தேன்.

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது செல்வி கேட்டாள், "என்னங்க ஆச்சு, மூஞ்சி இப்பிடித் தொங்குது?"

சொன்னேன். அந்த அம்மா ஏன் இப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்று புலம்பினேன். டி.சி. வாங்க வேறு ஏதோ காரணம் இருக்கும், பழியை என் மேல் போடுகிறார் என்றுகூடச் சொன்னேன்.

யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "டாடி, எக்ஸாக்டா நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"அவசரம் லேதுன்னு சொன்னேன். அஸ்ஸலு லேதுன்னும் சொன்னேன். வேற ஒண்ணுமே சொல்லல பிள்ள."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மரி அதே கதா டாடி" என்றாள். அதேதானே அது என்று அர்த்தம்.

"எது?"

"அவசரம்னா நீட் டாடி. தேவை. ஹர்ரிக்கு தொந்தர."

செல்வி கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். தொந்தர என்றால் சீக்கிரம். ஆட்டோக்காரர்கள் சீக்கிரம் ஏறச் சொல்லி "தொந்தரகா எக்கண்டி" என்னும்போதெல்லாம் நான் அவர்களுக்குத் தொந்தரவு என்கிறார்கள் என்று நினைத்து மனசுக்குள் கோபித்திருக்கிறேன். அது போகட்டும். அந்த அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து, என் மகளுக்கு ஆங்கிலம் ரொம்பத் தேவை என்று கேட்டிருக்கிறார். ஆங்கில வாத்தியார் நான், தேவையில்லை அம்மா, அறவே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சப்பாத்தி போடுகிறவர் மகளுக்கு எதற்கு என்கிற தொனியில். மெல்லகா, மெல்லகா என்று வேறு.

வெட்கமாக இருந்தது. ஒப்பிடச் சொல்லித்தருகிற பாடத்தில் நான் பிள்ளைகளிடம் எப்போதும் முதலில் ஒற்றுமையைத் தேடச் சொல்வேன். கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒற்றுமை கிடைத்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் அன்றாடம் வாயில் புழங்குகிற சொல்லை நின்று சந்தேகப்படுவது எப்படி என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. தெரியாத சொல் என்றால் கேட்டிருப்பேன்.

"நாளைக்கே போய் அந்தம்மாகிட்ட சொல்லிருங்க" என்றாள் செல்வி. "பிள்ளயையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க தனியாப் போயி இன்னும் எதையாவது சொல்லி வச்சிராதீங்க."

6

சனிக்கிழமை போனபோது யாதம்மாவின் வீடு பூட்டியிருந்தது. ஹாஸ்டலில் கேட்டால், ஊருக்குப் போய்விட்டார், நாளைக்கு வருவார் என்றார்கள்.

ஞாயிறு மத்தியானம் மறுபடி போனோம். ஹாஸ்டலுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒற்றை அறை. யாதம்மா இருந்தார். ஒரு பையில் பிரசன்னாவின் துணிகளை மடித்து வைத்திருந்தார். சாயங்காலம் தம்பி வந்து கூட்டிப்போகிறாராம். பிரசன்னா சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற பெண், எழவில்லை. இவளும் அதைக் கேட்டிருக்கிறாள். சார் தனக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று தெரிந்து இத்தனை நாள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

நான் தமிழில் சொல்ல, யாழினி தெலுங்கில் சொன்னாள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்றும், நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்றும், பிரசன்னா என் வகுப்பிலேயே நன்றாக யோசிக்கிற பிள்ளை என்றும் நீளமாகச் சொன்னேன். யாதம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, நேராக என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"மரி இங்கிலீஷ் அவசரமா, காதா? மீரே செப்பண்டி சார்."

இதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தேவையா, இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

தேவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் போனேன். ஆனால் வாய் வரவில்லை. தெலுங்கில் அவ்வளவு அழகாக யோசிக்கிற பெண்ணை நான் ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கி உட்காரவைத்திருக்கிறேன். ஊர்ப் பள்ளியில் அவள் தினம் கை தூக்குவாளோ என்னவோ. அம்மாவைப் பிரிந்து போய்க் கை தூக்கி என்ன செய்ய? இதோ என் பக்கத்தில் நிற்கிற என் மகளுக்கு இங்கிலீஷ் வரும், தெலுங்கு வரும், ஹிந்தி வரும். நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை அவளால் படிக்க முடியாது. யாருக்கு எது அவசரம் என்று தெரிந்தவனைப்போல நான் எப்படிச் சொல்வது?

யாழினி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். கடகடவென்று தெலுங்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எனக்குப் பிடிபட்டது. அவசரம் என்ற சொல் வந்தது. டாடி என்ற சொல் நாலைந்து தடவை வந்தது. யாதம்மா முதலில் சும்மா கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சுவரோரம் இருந்த பிரசன்னாவும் தலையைத் தூக்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் யாதம்மா யாழினியின் கன்னத்தைத் தொட்டு என்னவோ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் மகள் பக்கம் திரும்பி, "ரேபு படிகி போ" என்றார்.

நாளைக்குப் பள்ளிக்குப் போ. பிரசன்னா எழுந்து துணிப்பையை அவிழ்த்து யூனிஃபார்மை வெளியே எடுத்தாள். காலையில் நானே வந்து டி.சி. வேண்டாம் என்று ஆபீஸில் சொல்கிறேன் என்றார் யாதம்மா.

திரும்பும்போது ஸ்கூட்டரில் கேட்டேன், "அவங்ககிட்ட என்ன பிள்ள சொன்ன?"

"இங்கிலீஷ் அவசரம்னு சொன்னேன்."

"அதுக்கா அவ்வளவு நேரம்?"

சிக்னலைத் தாண்டினோம். பிறகு என் முதுகுப் பக்கமிருந்து சொன்னாள், "டாடிக்கு நாம சொல்றது வேற மாதிரி கேக்கும் ஆன்ட்டி, பட் அவரு நல்லவருன்னு சொன்னேன். நாக்கு கூட அலானே ஐந்தின்னு சொன்னேன்."

எனக்கும் அப்படியே ஆகியிருக்கிறது என்று அர்த்தம். "உனக்கா? எப்ப?"

"ஃபர்ஸ்ட் இயர் டாடி. ஸ்கூல் பஸ்ல யாரும் எனக்கு சோட்டு தரமாட்டேங்குறாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்ல."

சொன்னாள். ஞாபகம் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கி அழுதுகொண்டே சொன்னாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் இவளுக்குச் சோறு பகிர்ந்து தருவதில்லை என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் நீ கையேந்த வேண்டாம், நீ நாலு பேருக்குக் கொடு என்று சொல்லி, பெரிய டிபன் டப்பா ஒன்று வாங்கி, லெமன் சாதமும் உருளைக்கிழங்குமாக அமுக்கி அமுக்கி வைத்து அனுப்பினேன்.

"சோட்டுன்னா?"

"இடம் டாடி. சீட்ல உக்கார இடம்."

"மறுபடி ஏன் பிள்ள சொல்லல?"

"சொன்னேன். நீங்க இன்னும் பெரிய டப்பா வாங்கினீங்க."

"அப்ப பஸ்ல?"

"அந்த இயர் ஃபுல்லா நின்னுட்டேதான் போனேன். டப்பா வெயிட்டா இருந்துச்சு."

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டேன். "ஏமைந்தி டாடி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அது அவளுக்கு எப்படிக் கேட்டதோ, தெரியவில்லை.